மூக்கம்மாவின் நூற்று அறுபத்து மூன்று பேர்

நாற்பது வீடு,
தாண்டிக்குடி அஞ்சல்.
12 அக்டோபர் 2008

மாப்பிள்ளை ராஜ்மோகனுக்கு,

போனில் சொன்னால், பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். அதனால்தான் பதிவுத் தபால். ஒப்புகைச் சீட்டில் உன் கையெழுத்து எனக்கு வேண்டும். நீ என்றுதான் சிறு வயதிலிருந்து அழைத்திருக்கிறேன். என் தங்கையைக் கட்டியதற்காகவும் மாற்றவில்லை, உன் பதவிக்காகவும் மாற்றுவதாக இல்லை.

உன் அலுவலகம் அச்சடித்த 'மலைப்பகுதி உழைப்பு அட்டைத் திட்டம்' கையேடு பார்த்தேன். வழவழப்பான தாள். நான்காம் பக்கத்தில் ஒரு படம்: ஏழு வட்டங்கள், ஒன்றிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் கோடுகள். அது என் படம். இரண்டு வருடம் முன்பு நீயும் ஜெயாவும் இங்கே வந்து நெத்திலிக் குழம்பு சாப்பிட்டீர்கள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "மச்சான், இது எப்படி வேலை செய்யுது, வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்டாய். பால் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வரைந்து கொடுத்தேன். நீ அதில் ஒன்றைச் சேர்த்திருக்கிறாய். நடுவில் பெரிதாக ஒரு வட்டம், அதற்குள் உன் அலுவலகம். என் படத்தில் நடுவே எதுவும் கிடையாது. கிடையாது என்பதுதான் அந்தப் படமே.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் அப்பன்மார் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று சொன்ன அதே சொல்லைத்தான் இந்தக் கணக்குக்கும் வைத்தேன். இங்கே மூக்கம்மா யாரோ ஒருவன் காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் களை எடுத்தால், அந்தத் தோட்டக்காரன் ஏழு வீட்டில் இருக்கும் ஏழு போனுக்கும் குறுஞ்செய்தி அனுப்புவான். அந்த ஏழு போனிலும் பெயர்ப் பட்டியலில் மூக்கம்மா என்று ஒரு பெயர் உண்டு. பெயருக்கு எதிரே தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்குச் சேர்ந்த பேர் இருக்கும். அங்கே ஒன்று கூடும், அவனுக்கு ஒன்று குறையும். ஏழில் நான்கு ஒத்தால் அது உண்மை. எந்த ஒருவனிடமும் பூட்டுச் சாவி கிடையாது. வங்கி எட்டிப் பார்க்காத இந்த மலையில் மூன்று வருடம் இது ஓடியது. பண்ணைக்காட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காரன் வரைக்கும் பேர் வாங்கிக்கொண்டு சேலை கொடுத்தான். உடனே உங்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அனுமதியற்ற நாணயம் என்று நோட்டீஸ் வந்தது. தடை செய்திருந்தால்கூட மரியாதை. எடுத்துக்கொண்டீர்கள். 'பேர்' என்பதை 'உழைப்பு அலகு' ஆக்கி, திண்டுக்கல்லில் ஒரு சர்வரில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நான் எழுதுவது அதற்காக அல்ல. மூக்கம்மாவுக்கு 163 பேர் நிற்கிறது. சொந்தப் பெயரில் குடும்ப அட்டை இல்லாதவர்களின் பேர் மாற்றப்படாது என்கிறது உன் கையேடு. அவள் அட்டை ஓடிப்போன புருஷன் பெயரில் இருக்கிறது. அவளுக்குக் கொடுத்த ஒரு ஏக்கர் சரிவு நிலம் நிபந்தனைப் பட்டா. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஐந்து கல்வரப்பு கட்டிப் பயிர் வைக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வரப்புகளுக்காகத்தான் மூன்று வருடம் ஊரார் தோட்டத்திலெல்லாம் முதுகு வளைத்துச் சேர்த்தாள். அதை ஒரு விதி எண்ணைக் காட்டிச் சுழி ஆக்குகிறாய்.

பதினைந்து நாளில் பதில் வேண்டும்.

சிவராமன்


திண்டுக்கல்
25 அக்டோபர் 2008

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தும் போட்டேன். அலுவலகத் தாளில் எழுதவில்லை. இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

மாமாவை அடக்கம் செய்த அன்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததற்குக் கோபித்து ஒன்றரை வருடம் நீங்கள் பேசவில்லை. அன்று மாலை ஜெயாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, அதனால்தான் பார்த்தேன். அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எங்கள் புதுமனை அழைப்பிதழைச் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினீர்கள். அதை ஜெயா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

படம் உங்களுடையதுதான். கையேட்டில் உங்கள் பெயரைப் போடச் சொன்னேன். மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்கள். அதற்காக வருந்துகிறேன்.

மற்றபடி நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்னும் இருபது வருடத்தில் பணம் என்பதே இப்படித்தான் ஆகப் போகிறது. காகிதம் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை யார் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. ஏமாந்தவன் போய்க் கதவைத் தட்ட ஒரு வாசல் வேண்டும் மச்சான். அரசு அலுவலகத்தில் குறைந்தபட்சம் வாசல் இருக்கிறது. ஏழு போனில் எதைத் தட்டுவது?

இதைக் கற்பனையாகக் கேட்கவில்லை. உங்கள் ஊருக்கு ஜீப் ஓட்டும் ஞானவேல் மனு கொடுத்திருக்கிறார். அவருக்கு நின்ற 43 பேர், ஜூலையில் ஒரே வாரத்தில் 12 ஆகிவிட்டதாம். 31 எங்கே போனது?

மூக்கம்மா அக்காவுக்கு ஒரு வழி இருக்கிறது. விதிவிலக்குப் பிரிவில், போன் வைத்திருக்கும் ஏழு பேரும் கையெழுத்திட்ட வாக்குமூலம் கொடுத்தால் பரிசீலிக்கலாம். அனுப்புங்கள். நான் கொண்டு போகிறேன்.

ராஜ்மோகன்


நாற்பது வீடு
8 நவம்பர் 2008

ராஜ்மோகனுக்கு,

ஏழு வாக்குமூலமும் இத்துடன் இருக்கின்றன. ஏழிலும் 163.

ரத்தம் ஏற்றிய செய்தி எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல.

உன் ஆட்கள் இங்கே முகாம் போட்டார்கள். ஜெனரேட்டர், மடிக்கணினி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. காலையிலிருந்து மத்தியானம் வரை நம் ஜனம் வரிசையில் நின்றது. படகில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோதும் இப்படித்தான் நின்றோம். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டே. மூன்று வருடம் ஒருவரையொருவர் நம்பிப் பிழைத்தவர்கள், புகைப்படம் ஒட்டிய பிளாஸ்டிக் அட்டையைக் கண்டதும் புதுச் செருப்பு வாங்கிய பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். பதினோரு வருடம் மதுரையில் தற்காலிக விரிவுரையாளனாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிரந்தரப் பணியை வேறொருவனுக்குக் கொடுத்தபோதுகூட மனிதர்கள்மேல் இவ்வளவு கசப்பு வரவில்லை.

மூக்கம்மாவின் முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, குடும்ப அட்டை யார் பேர்ல இருக்கு?"

"அந்த மனுசன் பேர்ல சார்."

"அவரு எங்க?"

"திருப்பூர்ல, இன்னொருத்தி வீட்ல."

"அப்ப அவரு நேர்ல வரணும்மா."

"வந்தா என்கிட்ட நிக்கிறதுல பத்துப் பேர் உங்களுக்கே தாறேன் சார். புடிச்சுக் கட்டி வைங்க."

வரிசையே சிரித்தது. உன் ஆள் சிரிக்காமல் 'நிராகரிக்கப்பட்டது' என்று தட்டினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, ஏழு போன்ல இருக்கிறது இந்த ஒரு பொட்டில இல்லையா?" என்றாள்.

ஞானவேலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவன் மனுவை வைத்துக்கொண்டு வாசல், கதவு என்று எனக்குப் பாடம் நடத்தாதே. அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று இந்த மலைக்கே தெரியும். அதற்குமேல் அவனைப் பற்றி எழுத எனக்கு மையில்லை.

சிவராமன்


திண்டுக்கல்
24 நவம்பர் 2008

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

வாக்குமூலங்கள் வந்ததும் ஆய்வாளர் சத்தியபிரியாவை அனுப்பினோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், நடக்க அஞ்சாதவர். ஏழு போனையும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். மூக்கம்மா அக்காவுக்கு ஏழிலும் 163. நல்லது. ஞானவேலுக்கு, உங்களுக்கு மேலே இருக்கும் மேலூரில், பாப்பம்மாளிடமும் அவர் அக்கம்பக்கத்திலும் இருக்கும் மூன்று போனில் 43 இருக்கிறது. நாற்பது வீட்டில் இருக்கும் நான்கு போனில் 12.

நான்கு ஒத்தால் உண்மை. உங்கள் விதிப்படி 12தான் உண்மை.

அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "இந்த நாலு போனுக்கும் எங்க சார்ஜ் போடுறீங்க?" நாற்பது வீட்டில் டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டரை வருடமாகக் கரண்ட் இல்லை. மேலூரில் இருக்கிறது. நான்கு வீட்டாரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். "வாத்தியார் வீட்டு சோலார்லதான். சனிக்கிழமை காலைல குடுத்தா சாயங்காலம் வாங்கிக்குவோம்."

அறிக்கையை அவர் என்னிடம்தான் கொடுத்தார். மேலே அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான்கு போனில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த நான்கிலும் இருக்கும் எந்த எண்ணும் செல்லாது. மிஞ்சுவது மூன்று. அது பெரும்பான்மை அல்ல. மூக்கம்மா அக்காவின் 163உம் அதோடு போகும்.

ஒரு வழிதான் இருக்கிறது. கை வைத்தவர், எந்த எண்ணை மாற்றினார், வேறு எதையும் மாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. டிசம்பர் பத்து வரை அறிக்கையை மேசையில் வைத்திருப்பேன்.

உங்கள் பால் நோட்டுத் தாளை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தேன். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு முறை பாருங்கள்.

ராஜ்மோகன்


நாற்பது வீடு
6 டிசம்பர் 2008

ராஜ்மோகனுக்கு,

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறுக்காதே, எனக்கு இருந்திருக்கும்.

ஜூன் மாதக் கடைசியில் மழை. அழகையாவுக்கு நெஞ்சு வலி. ஏழு போனில் ஒன்று அவரிடம் இருந்தது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஞானவேல் ஜீப்பைக் கூப்பிட்டோம். வழியில் மண் சரிந்து கிடந்தது. "பன்னெண்டு பேர் ஆகும், இஷ்டம்னா ஏத்துங்க" என்றான். ஏற்றினோம். பாதி வழியில் அழகையா போய்விட்டார். பிணத்தோடு திரும்பி வந்ததற்கு இன்னும் ஆறு பேர் கேட்டான். சாவு வீட்டுக்குச் செய்த எதையும் இங்கே யாரும் பேரில் சேர்ப்பதில்லை. அவன் சேர்த்தான். அழகையாவின் மருமகள் அழுதுகொண்டே ஏழு போனுக்கும் செய்தி அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை நான்கு போனும் என் மேசைமேல், ஒரே பலகையில், வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அழகையாவின் போன் அப்போது அவர் மருமகளிடம் வந்திருந்தது. அதுவும் அந்த நான்கில் ஒன்று. முதலில் அதைத்தான் எடுத்தேன்.

பதினெட்டு அவன் வாங்கியது. மீதி பதின்மூன்று தண்டனை. பதின்மூன்று என்ற எண் எப்படி வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. நான்கு போனிலும் 12 என்று அடித்து முடித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். மறுவாரம் அவன் வந்து சத்தம் போட்டபோது நானே நடுவே நின்று, "நாலு போன் சொல்லுது ஞானவேல், என் கையில என்ன இருக்கு" என்றேன்.

அந்தப் பதினெட்டை அழகையா வீட்டுக்குக்கூடத் திருப்பிச் சேர்க்கவில்லை. சேர்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

தனித்தாளில் வாக்குமூலம் வைத்திருக்கிறேன். வேறு எந்த எண்ணையும் தொடவில்லை. இது உண்மை. உண்மை என்று நான் எழுதினால் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இனி நான் இல்லை என்பதும் தெரியும். 163ஐ மாற்றிக் கொடு.

சிவராமன்


திண்டுக்கல்
2 பிப்ரவரி 2009

மச்சானுக்கு,

மூக்கம்மா அக்காவின் பெயரில் அட்டை தயாராகிவிட்டது. 163 அலகும் ஏறியிருக்கிறது. ஞானவேலுக்கு 31 திரும்ப ஏறிவிட்டது. அழகையா வீட்டுப் பதினெட்டுக்கு மனு வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். இது நல்ல செய்தி.

கெட்ட செய்தியை உங்களிடம் மறைக்க முடியாது. அலகுகளை எடுத்துச் செலவு செய்யும் வசதி ஜூனில்தான் திறக்கும். அதுவரை அட்டையில் பார்க்கலாம், பயன்படுத்த முடியாது. மார்ச் முப்பத்தொன்றைச் சொல்லி மூன்று குறிப்பு எழுதினேன். நிலம் வேறு துறை என்று பதில் வந்தது.

உங்கள் வாக்குமூலத்தை நகலெடுத்து, பெயரை மட்டும் மறைத்து, பயிற்சி வகுப்பில் கொடுக்கிறார்கள். தனியாரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாம். வகுப்பெடுத்தவன் நான்.

இன்னொன்று. சர்வர் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, மண்வெட்டியையே தொடாத ஒரு பிரமுகரின் தம்பி அட்டையில் 200 அலகு ஏறியிருந்தது. யார் ஏற்றியது என்று கேட்டேன். "சர்வர் ஏத்தியிருக்கு சார்" என்றார்கள். வாக்குமூலம் எழுத யாரும் முன்வரவில்லை. வாசல் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதினேன். நானும் போய்த் தட்டினேன். உள்ளே இருந்தவர்கள் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ராஜ்மோகன்


நாற்பது வீடு
4 ஏப்ரல் 2009

ராஜ்மோகனுக்கு,

சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன். உன் கையெழுத்து தேவையில்லை.

பிப்ரவரியில் சத்தியபிரியா வந்து அட்டைகளைக் கொடுத்தபோது, ஞானவேலுக்கு 31 ஏன் திரும்பியது என்று ஊர் கேட்டது. அந்தப் பெண் தயங்கினாள். நானே சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. மூக்கம்மா மட்டும் பேசினாள். "தோட்டத்துல கணக்கப்பிள்ளை கோவம் வந்தா முழுநாள் வேலைக்கும் அரைப்பேர் போடுவாரு. அதுலயும் பாதியாவது மிஞ்சும். நீங்க அதையும் வெட்டிட்டீங்களே வாத்தியாரே." கணக்கப்பிள்ளை வெட்டிய அரைப்பேரை என் அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லிக் காறித் துப்பினார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

மறுநாள் ஞானவேல் வந்தான்.

"சர்க்கார் ஏத்துன முப்பத்தொண்ணு கார்டுல கெடக்கு. எனக்கு நீங்க வெட்டுன முப்பத்தொண்ணு வேணும். ஒங்க கையால."

"உன் தோட்டத்தில் வேலை சொல்."

"ஒங்கள எந்தோட்டத்துல விட்டா காப்பிச் செடியையும் களைன்னு புடுங்கிருவீங்க. அந்தம்மா ஒத்தையில கல்லு அடுக்குது. அங்க போங்க. வெரசா போங்க. நான் வந்து பாப்பேன்."

போனேன். முப்பத்தொரு நாள். ஊரில் வேறு யாரும் வரவில்லை. அட்டையில் ஏறாத வேலைக்கு எதற்கு வர வேண்டும் என்றார்கள். மூன்று வருடம் அவளிடம் வேலை வாங்கியவர்கள்தான். "உம் பேரு பத்தரமா இருக்குல்ல, ஜூன்ல வாறோம்" என்றார்கள், அன்பாகவே. பாப்பம்மாள் மட்டும் நாலு நாள் வந்தாள். ஞானவேல் சாயங்காலங்களில் மேலே ரோட்டில் ஜீப்பை நிறுத்திக் கத்துவான்: "வரப்பு நேரா இருக்கா வாத்தியாரே? நாலு போன் சரின்னு சொல்லணுமே, கேட்டீங்களா?" அழகையாவை ஏற்றிப் போன அன்று ஜீப்பின் வில்பட்டை உடைந்து போனதை மட்டும் ஒரு நாள் இறங்கி வந்து சொன்னான். நான் அவனை மன்னிக்கவில்லை. அவனும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றில் நில அளவைக்காரர் வந்தார். ஐந்தில் இரண்டு வரப்பு முடிந்திருந்தது. மேலே பீன்ஸ் முளை விட்டிருந்தது. நாற்பது சென்ட் அவள் பெயரில் நின்றது. அறுபது சென்ட் அரசுக்குத் திரும்பிவிட்டது. அவளுடைய அட்டையில் இன்னும் நூற்று அறுபத்து மூன்று இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. உங்கள் சர்வர் அந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானது. அது ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை.

பால் நோட்டுத் தாளை நவம்பரிலேயே பார்த்தேன். ஏழு வட்டத்துக்கு நடுவே சின்னதாக ஒரு சதுரம், அதிலிருந்து நான்கு கோடு. என் சார்ஜர் பலகை. மையும் என்னுடையது, கையும் என்னுடையது. நடுவே எதுவும் கிடையாது என்று உனக்கு எழுதிய வரியை அடித்துக்கொள். நீ செய்ததெல்லாம் அதைப் பெரிதாக வரைந்து உன் அலுவலகத்தின் பெயரை எழுதியது மட்டும்தான்.

முந்தாநாள் மழையில் கீழ் வரப்பு வயிறு தள்ளிவிட்டது. இன்று மூக்கம்மா வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வாறீங்களா?"

"முப்பத்தொன்று முடிந்துவிட்டதே."

"அது ஞானவேலுக்கு. கல்லு சரியுது, வாறீங்களா?"

யாருக்கு, எதில் சேர்ப்பது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சோலார் தகட்டைக் கழற்றி அழகையா வீட்டுக் கூரையில் மாட்டிவிட்டேன். இங்கே வெளிச்சம் மங்குகிறது. நாளை வெள்ளனே போக வேண்டும்.

சிவராமன்